60 சதவீத லாபம்

போன மாதம் என் பழைய மாணவன் ஒருவன் போன் செய்தான். (பெயர் வேண்டாம். அவன் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன்.) எம்பிஏ விண்ணப்பத்துக்கு ஒரு கட்டுரை எழுதியிருக்கிறானாம். "சார், ஒரு தடவை பார்த்துக் கொடுங்க" என்றான். கணக்கு வாத்தியாரிடம் கட்டுரையா என்று நினைத்துக்கொண்டே வாங்கினேன்.

பொழுதுபோக்கு என்ற இடத்தில் ஷேர் டிரேடிங் என்று போட்டு, முதல் ஆண்டிலேயே 60 சதவீத லாபம் என்று எழுதியிருந்தான். அதை எடுத்துவிடு என்றுதான் சொல்ல வந்தேன். எங்கள் தலைமுறைக்கு ஷேர் என்றாலே சீட்டாட்டம்தானே! ஆனால் அந்த 60 கண்ணை உறுத்தியது. எந்த ஆண்டு என்று கேட்டேன். 2020 ஏப்ரலில் இருந்து 2021 மார்ச் வரை. ஊரடங்கில் வீட்டில் இருந்தபோது 50,000 ரூபாய் 80,000 ஆனதாம்.

2020 மார்ச் 23 அன்று ஒரே நாளில் சென்செக்ஸ் 3,900 புள்ளிகளுக்கு மேல் விழுந்தது. அந்தப் பள்ளத்துக்குப் பிறகு வந்த நிதியாண்டில் நிஃப்டியே சுமார் 71 சதவீதம் ஏறியது.

"தம்பி, நிஃப்டி இண்டெக்ஸ் ஃபண்டில் போட்டுவிட்டுத் தூங்கியிருந்தாலே 85,000 ஆகியிருக்குமே. இன்டர்வியூவில் இதைக் கேட்டால் என்ன சொல்வாய்?"

பதில் இல்லை. அதற்குப் பிந்தைய ஆண்டுகள் ஏன் கட்டுரையில் இல்லை என்று கேட்டேன். கொஞ்ச நேரம் கழித்து மெதுவாகச் சொன்னான். வேலைக்குப் போன பிறகு ஆப்ஷனில் இறங்கியிருக்கிறான். 2023இல் 1,80,000 ரூபாய் போய்விட்டது. தங்கை படிப்புக்காக அப்பா இவன் கணக்கில் போட்டு வைத்திருந்த பணமும் அதில் சேர்த்தி. வீட்டில் யாருக்கும் தெரியாது.

திட்டவில்லை. 2024 செப்டம்பரில் செபி வெளியிட்ட ஆய்வைச் சொன்னேன். மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓ-வில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம், ஆளுக்குச் சராசரியாகச் சுமார் 2 லட்சம். இவன் தொகையும் கிட்டத்தட்ட அதேதான்.

"ஸ்டாப் லாஸ் போட்டுத்தான் வெச்சிருந்தேன் சார். விலை கிட்ட வரும்போது நானே எடுத்துட்டேன். மூணு தடவை."

"இதை எழுது" என்றேன்.

"சீட் கிடைக்காது சார்."

கிடைக்காமலும் போகலாம், எனக்குத் தெரியாது. ஆனால் எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் ஏன் வாங்கினாய், ஏன் விற்றாய் என்று இரண்டு கேள்வி கேட்டால் அந்த 60 நிற்காது, இது நிற்கும். ஒரே ஒரு நிபந்தனை போட்டேன்: முதலில் அப்பாவிடம் சொல், பிறகு எழுது.

பத்து நாள் கழித்துப் புதிய கட்டுரை வந்தது. 60 போயிருந்தது. ஸ்டாப் லாஸை எடுத்த அந்த மூன்று வியாழக்கிழமைகளும், அன்றைக்கு என்ன நினைத்தான் என்பதும் இருந்தன. அப்பா இரண்டு நாள் பேசவில்லையாம். மூன்றாம் நாள், "எல்லாக் கணக்கையும் எடுத்துட்டு வா" என்று பக்கத்தில் உட்காரவைத்துப் பார்த்திருக்கிறார். இப்போது மாதம் 10,000 தங்கை கணக்குக்குப் போகிறது.

ஓர் ஒற்றுப்பிழையை மட்டும் திருத்தி அனுப்பினேன். இன்டர்வியூ அழைப்பு இன்னும் வரவில்லை.

இந்த ஆண்டு விண்ணப்பம் போடுகிற பிள்ளைகள் யாராவது இருந்தால் அனுப்புங்கள், பார்த்துத் தருகிறேன். ஷேர் பற்றி எழுதியிருந்தால் கணக்கு விவரத்தையும் சேர்த்து அனுப்பவும், எல்லா ஆண்டுக்கும்.