புல்லுருவி என்று ஒரு பெயர்

மத்தியதரைக் கடல் நாடுகளில் ஓஃப்ரிஸ் என்றொரு ஆர்க்கிட் பேரினம் உண்டு. பூவின் கீழிதழ் பெண் தேனீ மாதிரி இருக்கும். ஆண் ஏமாந்து வந்து மகரந்தத்தைச் சுமந்து போகும். அதில் இருப்பவை 9 இனங்கள்தாம் என்கிறவர்கள் இருக்கிறார்கள். 250க்கும் மேல் என்கிறவர்களும் இருக்கிறார்கள். இரு தரப்பும் பார்ப்பது அதே பூக்களைத்தான். எதை வித்தியாசமென்று கொள்வது என்பதில்தான் தகராறு. நம் கவிதைச் சண்டைகளில் பழகியவர்களுக்கு இது புதிதல்ல.

தஞ்சாவூர்ச் சீமையில் ஓஃப்ரிஸ் கிடையாது. மாமரத்தில் தொற்றி வளரும் வாண்டா டெஸ்ஸெல்லாட்டா உண்டு. இரு வரிசையில் வார் போன்ற இலைகள், நுனி கடித்துத் துப்பியது போல. வெளுத்த தடித்த வேர்கள், பாதி காற்றில். பழுப்பும் மஞ்சளும் கலந்த இதழில் கட்டம் கட்டமாய்க் கோடுகள். கீழிதழ் மட்டும் ஊதா.

லின்னேயஸின் மாணவர் கோனிக் 1768இல் தரங்கம்பாடிக்கு வந்தார். அவருக்குப் பின் சோழமண்டலக் கரைத் தாவரங்களை எழுதிய ராக்ஸ்பரோ 1795இல் இதை எபிடென்ட்ரம் டெஸ்ஸெல்லாட்டம் என்றார். எபிடென்ட்ரம் என்றால் மரத்தின் மேலிருப்பது. உண்மை, ஆனால் மரமேறிய ஆர்க்கிட்டுகள் பலவற்றுக்கும் அன்று அதுவே பெயர். 1820இல் ராபர்ட் பிரவுன் வாண்டா ராக்ஸ்பர்கி என்று மாற்றினார். முதலில் வைத்த அடைமொழிக்கே உரிமை என்பது விதி. ஆகவே டெஸ்ஸெல்லாட்டா திரும்பி வந்தது. ஆனால் வாண்டா நிலைத்துவிட்டது. அது சமஸ்கிருதச் சொல். பொருள், மரத்தை அண்டிப் பிழைக்கும் புல்லுருவி.

இந்தச் செடி யாரையும் உறிஞ்சுவதில்லை. வேரைச் சுற்றிய பஞ்சு போன்ற உறை மழையையும் பனியையும் பிடித்துக்கொள்கிறது. இலை தன் சோற்றைத் தானே ஆக்குகிறது. மரம் உட்கார இடம் கொடுக்கிறது, அவ்வளவே.

திருவையாற்றுப் பக்கம் ஒரு தோப்பில், 2018 கஜா புயலுக்கும் சாயாத மரமொன்றில் ஏறி, பெரியவர் ஒருவர் இதைப் பிய்த்துப் போட்டுக்கொண்டிருந்தார். 'புல்லுருவி தம்பி. வுட்டா மரத்தத் தின்னுப்புடும்.' புல்லுருவி வேறு, மரத்துக்குள் வேரை இறக்கிச் சாற்றை எடுப்பது, இது அப்படியில்லை என்றேன். 'அப்ப இதுக்கு என்ன பேரு?' என்று கேட்டார். பாடப்புத்தகச் சொல் ஒன்று இருக்கிறது: தொற்றுத் தாவரம். சொன்னேன். 'தொத்து வியாதியா?' என்றபடி அடுத்த கொத்தில் கையை வைத்தார்.

தரங்கம்பாடியில் செடி சேகரித்த ராட்லர்தான் பிற்பாடு தமிழுக்கு அகராதியும் செய்தார். அந்த இரண்டும் ஒரே வேலை என்று எனக்குத் தோன்றுகிறது. வித்தியாசத்தைப் பார்த்தால் மட்டும் போதாது. பார்த்ததைத் தாங்குகிற சொல் பேச்சில் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் லண்டனில் பெயர் திருந்தினாலும் தோப்பில் செடி மிஞ்சாது. ஒண்டியிருப்பதையும் உறிஞ்சுவதையும் பிரித்துச் சொல்ல, ஒரு விவசாயி சந்தேகப்படாத தமிழ்ச் சொல் வேண்டும். அதைச் செய்யவேண்டியவர்கள் தாவரவியலாளர்கள் மட்டுமல்ல.