கேஸ்கட்டுக்கு ஒரு விலை, கூலிக்கு ஒரு பேரம்

கோவை கணபதியில் ஒரு வீட்டு வாசல். பானெட்டைத் திறந்தபடி நிற்கிறது ஒரு மார்க் 4 அம்பாசடர். கொஞ்ச நாளாக ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்துகொண்டே வந்தது. வெளியே எங்கும் ஒழுக்கு இல்லை. நண்பர் அறிமுகப்படுத்திய மெக்கானிக், இன்ஜின் ஆறியிருந்த நேரத்தில் ரேடியேட்டர் மூடியைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட் பண்ணினார். தண்ணீரில் குமிழி குமிழியாகக் கிளம்பியது. "ஹெட் கேஸ்கட் போயிருச்சுங்க. கழட்டித்தான் ஆகோணும்."

கொல்கத்தா அருகே உத்தர்பாராவில் 1958 முதல் தயாரான அம்பாசடர் 2014-இல் நின்றுபோனது. இன்று ஊருக்கு ஊர் இந்த வண்டிகளை ஓட வைப்பது இவரைப் போன்றவர்கள்தான்.

தண்ணீரை வடித்து, கார்புரேட்டரையும் மேனிஃபோல்டையும் இறக்கியது மளமளவென்று முடிந்தது. ராக்கருக்கு வந்ததும் வேகம் குறைந்தது. இந்த 1489 சிசி பெட்ரோல் இன்ஜினில் ராக்கரைப் பிடிக்கும் நட்டுகளில் நான்கு, ஹெட்டையும் சேர்த்தே பிடித்திருக்கின்றன. அவற்றை மட்டும் கழற்றினால் மற்ற நட்டுகளின் இழுப்பில் ஹெட் கோணிக்கொள்ளும். எல்லாவற்றையும் மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினார். எட்டு புஷ் ராடுகளையும் ஓர் அட்டையில் வரிசை மாறாமல் குத்தி வைத்தார்.

ஹெட் மேலே வந்தது. பழைய கேஸ்கட்டில், மூன்றாம் சிலிண்டரின் விளிம்பிலிருந்து பக்கத்து நீர்த்துளை வரை ஒரு கரிக்கோடு. அழுத்தம் புகுந்த வழி அதுதான்.

பழைய கேஸ்கட்டுகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். காய்ந்தபடி சுரண்டினால் தூசி நுரையீரலுக்குள் போகும். சிலிண்டர்களைத் துணியால் அடைத்துவிட்டு, ஒட்டியிருந்ததை நனைத்து நனைத்துச் சுரண்டினார். தொழில் பழகிய காலத்தில் இதை யாரும் சொல்லித்தரவில்லையாம். பிறகு ஹெட்டின் மேல் ஸ்டீல் பட்டையை நீளவாக்கிலும் மூலைக்கு மூலையும் வைத்து, அடியில் ஃபீலர் கேஜ் நுழைகிறதா என்று பார்த்தார். நுழையவில்லை. வார்ப்பிரும்பு தாங்கிவிட்டது, பத்மினி காரின் அலுமினிய ஹெட் இவ்வளவு சூட்டில் எளிதில் வளைந்திருக்கும்.

அடுத்து அவர் பையிலிருந்து எடுத்தது, எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளந்து சொல்லும் டார்க் ரெஞ்ச். சொந்தக் காசில் வாங்கி, பழைய வேட்டியில் சுற்றி வைத்திருக்கிறார். முன்பு வேலை பார்த்த ஒர்க்‌ஷாப்பில் எல்லாம் கைக்கணக்குதான். "அடுத்தவங்க வண்டிங்க, குத்துமதிப்பா முறுக்கலாமுங்களா?" புது கேஸ்கட்டை வைத்து ஹெட்டை இறக்கி, நட்டுகளை நடுவில் ஆரம்பித்து வெளிப்பக்கமாக, சுற்றுச்சுற்றாக இறுக்கினார்.

கேஸ்கட்டுக்குக் கடைக்காரர் சொன்ன விலையை வண்டிக்காரர் மறுபேச்சில்லாமல் கொடுத்திருந்தார். தயாரிப்பு நின்றுபோன வண்டியின் பாகத்துக்கு, கைமாறும் ஒவ்வொரு இடத்திலும் விலை ஏறுகிறது. அங்கே யாரும் வாய் திறப்பதில்லை. நாள் முழுக்கக் குனிந்து நின்றவரிடம் மட்டும் "கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க" என்கிறோம். இது அநியாயம். இன்ஜின் ஒருமுறை சூடாகி ஆறிய பிறகு நட்டுகளை மறுபடி இறுக்கி, டாப்பெட் வைக்க வேண்டும். அதற்கென்று அவர் தனிக் கூலி கேட்கவில்லை.

"காலைல வாரனுங்க. அதுவரைக்கும் வண்டிய வெளிய எடுக்காதீங்க" என்று சொல்லிவிட்டு, ரெஞ்சை மறுபடி வேட்டியில் சுற்றினார்.