மூளையின் கணக்கும் மனத்தின் சிதைவும்

அளவற்ற அருளாளனாகிய இறைவன் மாந்தர்க்கு வழங்கிய கொடைகளுள் அறிவு தலையாயது. அவ்வறிவு நிலைகுலைந்து நிற்பவரைக் காணுங்கால் நம்முள் சிலர் பேய் என்பர். சிலர் செய்வினை என்பர். சிலர் பெற்றோர் செய்த பாவம் என்பர். நோய் என்பார் சிலரே. உலகில் ஏறத்தாழ 300 பேருள் ஒருவரைப் பற்றும் மனச்சிதைவு நோய் குறித்து இன்றைய அறிவியல் கூறுவதைத் தமிழ் பயிலும் நாமும் அறிதல் கடமையாகும்.

திருவரங்கத்து வீதிகளில் வாழ்வோர் கோயில் மணியோசையை நாள்தோறும் கேட்கின்றனர்; எனினும் அதனைப் பெரிதும் கருத்திற் கொள்வதில்லை. வேளையல்லாத வேளையில் அது ஒலிப்பின் திடுக்கிட்டுத் திரும்புகின்றனர். காரணம் யாது? அடுத்து வருவது இன்னதென்று மூளை ஓயாது முன்கணித்துக்கொண்டே இருக்கிறது. கணிப்புப் பொய்க்கும்போது விழித்துக்கொள்கிறது.

இவ்விழிப்பினை அளக்கவும் இயலும். தலையின்மீது மின்முனைகளைப் பொருத்தி, ஒரே ஒலியை மீண்டும் மீண்டும் கேட்பித்து, இடையே வேறோர் ஒலியை நுழைப்பர். மாறுபட்ட ஒலி கேட்டவுடன், ஏறத்தாழ ஒரு நொடியின் ஐந்தில் ஒரு பங்கு நேரத்தில், மூளையில் தனித்ததோர் மின்னலை எழுகிறது. பின்லாந்து நாட்டு அறிஞர் ரிஸ்டோ நாட்டானென் குழுவினர் இதனை 1978-இல் விளக்கினர். மனச்சிதைவு நோயாளரிடம் இவ்வலை சிறுத்துக் காணப்படுவதை 1991 முதல் பல ஆய்வுகள் காட்டியுள்ளன.

அலை சிறுப்பானேன்? உயிருள்ள மூளையைத் திறந்து பார்த்தல் ஆகாது. ஆதலின் அறிஞர் கணினியின் துணையை நாடினர். மூளையின் பகுதிகளையும் அவற்றிடையே உள்ள தொடர்புகளையும் கணிதச் சமன்பாடுகளாக அமைப்பர். அச்சமன்பாடுகள் தரும் அலை, நோயாளரிடம் பதிவான அலையோடு ஒத்துவரும்வரை எண்களை மாற்றிப் பார்ப்பர். எந்த எண் மாறியதோ, அத்தொடர்பே தளர்ந்திருக்கலாம் என ஊகிப்பர். இலண்டனில் கார்ல் பிரிஸ்டன் குழுவினர் 2003-இல் வெளியிட்டுப் பின்னர் மின்னலைகளுக்கும் விரிவாக்கிய முறை இத்தகையதே.

இவ்வாய்வுகளினின்று எழுந்த ஒரு கருத்து நம்மைச் சிந்திக்க வைக்கிறது. எதிர்பார்ப்புக்கு எத்துணை எடை, புலன் தரும் சான்றுக்கு எத்துணை எடை என்னும் கணக்கு மூளையில் பிறழ்கிறது என்பதே அது. தன் உள்ளத்துள் எழுந்த சொல்லைத் தன்னுடையதென்று முன்கணிக்கத் தவறும் மூளை, அதனைப் பிறர் குரலாகக் கேட்கிறது போலும். ஆயின் இம்முறைகள் இன்னும் ஆய்வுக்கூடத்தைச் சார்ந்தவையே. தனியொருவர்க்கு நோய் உண்டா, இல்லையா என முடிவுகட்ட அவை போதா. மருத்துவர் பரிவோடு கேட்டறிதலே இன்றும் நோய் காணும் வழி.

எனினும் இக்கணக்கு ஓர் உண்மையை ஐயமின்றி உணர்த்துகிறது: பிறழ்ந்தது மூளையின் தொழில்; நோயாளியின் ஒழுக்கமன்று. அவ்வாறாயின் சங்கிலிக்கு இங்கு இடமேது? 2001 ஆகஸ்டு 6-ஆம் நாள் ஏர்வாடியில் ஒரு காப்பகக் கொட்டகை தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்தவர்கள் தப்ப வழியின்றி மாண்டனர். 28 உயிர்களைப் பறித்த அத்தீ நம் சமுதாயத்தின் மனச்சான்றை இன்றும் சுடுகிறது. 2017-ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் சங்கிலியிடுதலை அறவே தடுத்துள்ளது.

தர்காவை நாடுவோரையும், நம் திருச்சிக்கு அருகே காவிரிக்கரையில் உள்ள குணசீலம் கோயிலில் 48 நாள் தங்கி வழிபடுவோரையும் நாம் இகழ வேண்டுவதில்லை. நம்பிக்கை நெஞ்சுக்கு உறுதி தரும். துஆவும் வேண்டும், தவாவும் வேண்டும். 1284-இல் கெய்ரோ நகரில் சுல்தான் கலாவூன் எழுப்பிய மருத்துவமனை மனநோயாளர்க்கும் இடமளித்தது. 1984-இல் டாக்டர் சாரதா மேனன் சென்னையில் தொடங்கிய ஸ்கார்ஃப் நிறுவனம் மருந்தோடு மறுவாழ்வும் தந்து வருகிறது. இவ்விரண்டும் ஓரறத்தின் இரு கிளைகள் அன்றோ?

மாணவத் தம்பியரே, தங்கையரே! உங்கள் தெருவில் ஒருவர் தனக்குத்தானே பேசித் திரிவாராயின், கல்லெறியும் கையைத் தடுங்கள். அவர்தம் வீட்டாரிடம் சென்று, இது நோய், மருந்து உண்டு, காலம் தாழ்த்தாதீர் என்று கனிவோடு கூறுங்கள். சமுதாயப் பெரியோர் ஜும்ஆ மேடையில் இதனை ஒருமுறை எடுத்துரைப்பின், மறைத்து வைத்த எத்தனையோ வீட்டுக் கதவுகள் திறக்கும். கற்ற கல்வியின் பயன் அதனினும் வேறு யாது?