குழுவில் கூட்டம் நடக்கிறதா?

பத்து வட்டி என்று ஊரில் சொல்வது, நூறு ரூபாய்க்கு மாதம் பத்து ரூபாய். ஒரு வருஷத்தில் வட்டி மட்டும் 120 ரூபாய். அசல் அசையாமல் நிற்கும். இப்படி வாங்கி நடவு செய்த நெல், வீட்டுக்கு வராமல் களத்திலிருந்தே கடன்காரருக்குப் போய்விடும்.

இந்த வட்டிக்கு எதிராகக் கிளம்பியவைதான் மகளிர் குழுக்கள். தமிழ்நாட்டில் 1989-ல் தருமபுரி மாவட்டத்தில் அரசுத் திட்டமாகத் தொடங்கின. 1992-ல் நபார்டு இவற்றை வங்கிகளோடு இணைக்க ஆரம்பித்தது. மதுரை வட்டாரத்தில் வளர்ந்த குழுக்களுக்குக் களஞ்சியம் என்று பெயர். நெல் கொட்டி வைக்கும் இடத்தின் பெயரையே வைத்தது பொருத்தம்தான்.

களஞ்சியத்தை வளர்த்தவர்களில் ஒருவர் புல்லுச்சேரி சின்னப்பிள்ளை அம்மா. விவசாயக் கூலி; எழுதப் படிக்கத் தெரியாது. வயல் வேலைக்குப் பெண்களைத் திரட்டி, நிலக்காரர்களிடம் கூலி பேசும் கொத்துத் தலைவியாக இருந்தவர். 2001-ல் டெல்லியில் விருது கொடுத்தபோது பிரதமர் வாஜ்பாய் அவர் காலைத் தொட்டு வணங்கினார். 2019-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. அந்தப் போட்டோ பலருக்கும் ஞாபகம் இருக்கும். குழு ஓடும் விதத்தைத்தான் மறந்துவிட்டோம்.

15 பேர் மாதம் 100 ரூபாய் போட்டால் 1,500 ரூபாய். அதைப் பூட்டி வைப்பதில்லை. அன்றைய கூட்டத்திலேயே தேவைப்பட்டவருக்குக் கடனாகப் போகும். இரண்டு வட்டி என்றாலும் அந்த வட்டி குழுவுக்கே திரும்பும். ஒருவர் யூரியாவுக்குக் கேட்கிறார், இன்னொருவர் பிள்ளையின் காய்ச்சலுக்குக் கேட்கிறார். யாருக்கு முதலில்? யார் வீட்டில் நேற்று அடுப்பு எரியவில்லை என்பது பக்கத்து வீட்டுக்காரிக்குத் தெரியும். எந்த வங்கி மேனேஜருக்கும் அது தெரியாது.

இன்று பல குழுக்கள் வங்கிக் கடன் வரும் நாளில் மட்டும் கூடுகின்றன. வந்த பணத்தைத் தேவை பார்க்காமல் சமமாகப் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். சேமிப்பு பெயருக்கு இருக்கிறது. கூட்டம் நின்ற ஊர்களில், வாரத் தவணை வசூலிக்கும் தனியார் ஃபைனான்ஸ்காரர் வாசலில் நிற்கிறார். கறவை மாடு வைத்திருப்பவர் வாரத் தவணையைச் சமாளிப்பார். நெல்லோ நிலக்கடலையோ போட்டவருக்கு நாலு மாதம் கழித்துத்தானே பணம் வரும்? நடுவில் தவணை கட்ட, மறுபடியும் பத்து வட்டிக்குத்தான் போக வேண்டும்.

சொந்தக் குழு என்றால் தவணையை அறுவடைக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம். உறுப்பினர்களே பேசி முடிவெடுத்தால் போதும். அதற்குக் கூட்டம் நடக்க வேண்டும், கணக்கு நோட்டு ஒருவர் வீட்டுப் பரணில் கிடக்கக் கூடாது. எழுத்துத் தெரியாத உறுப்பினருக்கும் கேட்கும்படி, யார் எவ்வளவு வாங்கினார், எவ்வளவு பாக்கி என்று மாதாமாதம் சத்தமாகப் படிக்க வேண்டும்.