வலப்புறத்துக் குமிழ்

எம் தங்கை மகனின் மாடுலர் சிந்தசைசரைச் சென்ற வாரம் கண்டோம். ராபர்ட் மூக் முதலியோர் 1960-களில் அமெரிக்காவில் உருவாக்கிய கருவியினம் அது. அதன் அனலாக் ஸ்டீரியோ ஃபில்டர், இடத்துக்கும் வலத்துக்கும் தனித்தனியே அமைந்த இரு மின்சுற்று. குமிழைக் குறைத்தால் உயரொலிகள் மறைந்து, போர்வைக்குள்ளிருந்து பேசுவது போலாகும். ஒரே மின்னழுத்தம் கொடுப்பினும் இரண்டும் இம்மியளவேனும் பிரிந்தே நிற்குமாம். ஒலிக்கு அகலம் தருவதும் அப்பிரிவே.

"முதலில் இரண்டையும் காதாலேயே சமப்படுத்துங்கள், மாமா" என்றான். சமப்படுத்தினோம்.

"வலப்பக்கத்தை இவ்வளவு திறந்துவிட்டீர்களே!"

கொஞ்ச நாளாக மதரஸாவில் சில பிள்ளைகள் 'ஸே'க்கும் 'ஸீனு'க்கும் வேற்றுமையின்றி ஓதுவதாகக் கடிந்து வருகின்றோம். அவ்வெழுத்துகளைப் பிரித்துக் காட்டுவன உயரொலிகளே. கடியப்பட்ட பிள்ளைகள் யாவரும் எம் வலப்புறம் அமர்பவர்கள்.