கெண்டை மீனும் ஒரு வக்கீல் நோட்டீஸும்

2024 டிசம்பரில் திருச்சியிலிருந்து வந்த செய்தி பலருக்கு நினைவிருக்கும். டாட்டூ கடை வைத்திருந்த ஒருவர் தன் நாக்கை இரண்டாகப் பிளந்துகொண்டதோடு, வேறு சிலருக்கும் அதையே செய்துவிட்டார். இரண்டு பேர் கைதானார்கள். மாநகராட்சி கடைக்கு சீல் வைத்தது. அந்தச் சூடு ஆறுவதற்குள்தான் என் கட்சிக்காரருக்கு நோட்டீஸ் வந்தது.

சேலையூர் பக்கம் ஒரு மாடியில் சின்னக் கடை வைத்திருக்கிறார் அவர். அப்பா சைன்போர்டு எழுதியவர். தூரிகை பிடிக்க அவரிடம் கற்றுக்கொண்டு, பிறகு ஊசிக்கு வந்தவர். நோட்டீஸ் அனுப்பியது இருபது வயதுப் பையன் ஒருவன். ஜப்பானிய பாணியில் உயிருள்ளது போன்ற கெண்டை மீன் கேட்டேன், இவர் காமிக்ஸ் படம் போலப் போட்டுவிட்டார் என்பது முதல் குற்றச்சாட்டு. டாக்டர் படிப்பு இல்லாதவர் தோலில் ஊசி ஏற்றியது தேசிய மருத்துவ ஆணையச் சட்டம் 2019-இன் 34-ஆம் பிரிவின்படி குற்றம் என்பது அடுத்தது. இந்த டாட்டூவால் விமானப் படையில் சேரும் வாய்ப்பே போய்விட்டது என்பதையும் சேர்த்து ஐந்து லட்சம் கேட்டிருந்தார்கள். தராவிட்டால் செங்கல்பட்டில் நுகர்வோர் ஆணையம், கூடவே போலீஸ் புகார்.

கட்சிக்காரர் பயந்துபோயிருந்தார். "என்னையும் திருச்சி கேஸ் மாதிரி உள்ள வச்சிடுவாங்களா சார்?" என்றுதான் முதலில் கேட்டார். வேலையை எப்படிச் செய்தீர்கள், கையில் என்ன ஆதாரம் இருக்கிறது என்று கேட்டேன். மறுநாள் ஒரு தடிமனான ஃபைலைக் கொண்டுவந்தார். அதைப் புரட்டி முடித்தபோது வழக்கை எடுத்துக்கொள்வது என்று முடிவு செய்திருந்தேன்.

முதல் தாளில் பையன் போனில் கொண்டுவந்த போட்டோ இருந்தது. குளத்து நீரில் பளபளக்கும் கெண்டை, ஒவ்வொரு செதிலும் தனித்தனியாக மின்னியது. "இதை அப்படியே ஏத்தலாம் சார். கொஞ்ச நாள் சூப்பரா இருக்கும். பத்து வருஷம் போனா செதிலெல்லாம் ஒண்ணோட ஒண்ணு கலந்துடும்" என்றார். மை தங்குவது மேல்தோலுக்கு அடியில் உள்ள தோலில். அங்கே உடம்பின் செல்கள் அதை விழுங்கி வைத்துக்கொள்கின்றன. வருடங்கள் ஓட ஓடக் கோடுகள் அகலும். மெல்லிய கோடும் மிக நெருக்கமான ஷேடிங்கும் முதலில் கெடும். ஜப்பானியர்களின் தடித்த கருங்கோட்டுக்கும், உருவத்தைச் சுற்றி அடர்த்தியாக வரும் அலைக்கும் காற்றுக்கும் அழகு மட்டும் காரணமில்லை, அவை வயதைத் தாங்கும் என்பதை அவர் எனக்குப் புரியவைத்தார். ஜப்பானிய ஓவியர் உதகாவா குனியோஷி 1827 வாக்கில் சீனக் கதையின் 108 வீரர்களை மரக்கட்டை அச்சில் வரையத் தொடங்கி, பலருக்கு உடம்பெல்லாம் டாட்டூவோடு வரைந்தார். இன்றுவரை அந்த பாணிக்கு அதுதான் வேர்.

அதனால் போட்டோ பாணியையும் ஜப்பானிய பாணியையும் பங்கு பிரித்திருக்கிறார். கண், வாய், மீசை, நனைந்த தலையின் மினுமினுப்பு ஆகியவை போட்டோவின் உயிரோடு இருக்கும். உடம்பும் துடுப்பும் நீரும் ஜப்பானியக் கோட்டில் வரும். பையன் செர்ரிப் பூ கேட்டிருக்கிறான். வெளிர் ரோஜா நிறம் நம் ஊர் மாநிறத் தோலில் எடுபடாது. தவிர, செர்ரி வசந்தத்துக்கு உரியது, கெண்டையோடு இலையுதிர் கால மேப்பிள் போவதே அந்த மரபு என்று சொல்லிச் சிவந்த மேப்பிள் இலையாக மாற்றியிருக்கிறார். பிறகு டிரேசிங் தாளைக் கையில் சுற்றி வரைந்து, கையை நீட்டியும் மடக்கியும் போட்டோ எடுத்திருக்கிறார். முதல் வரைவில் மீனின் முகம் முழங்கை மடிப்பில் விழுந்து நசுங்கியது. இரண்டாவதில் தலையை மேல்கைக்கு ஏற்றி, வளைவில் அலையை ஓடவிட்டார். எங்கே முடிப்பது என்பதற்கும் அந்த மரபில் அளவு உண்டு: முழங்கைக்கு மேலே நின்றால் ஐந்து பங்கு, முன்கையின் பாதியில் நின்றால் ஏழு, மணிக்கட்டு வரை போனால் பத்து. பையன் பத்து கேட்டான்.

ஒவ்வொரு தாளிலும் தேதி, பையனின் கையெழுத்து. ஒன்றில் அவனே பேனாவால் "வால் இன்னும் பெருசா" என்று எழுதியிருந்தான். லட்சக்கணக்கில் வாங்கி வீடு கட்டித் தருகிற எத்தனையோ பேரின் ஃபைலை நான் பார்த்திருக்கிறேன். இவ்வளவு ஒழுங்கு அவர்களிடம் இருந்ததில்லை.

போட்டோவை அப்படியே ஏற்றாததால் இன்னொரு சிக்கலும் தவிர்ந்தது. அமெரிக்காவில் இசைக்கலைஞர் மைல்ஸ் டேவிஸை ஜெஃப் செட்லிக் எடுத்த போட்டோவைப் பார்த்து, கேட் வான் டி என்ற புகழ்பெற்ற டாட்டூ கலைஞர் ஒரு நண்பரின் கையில் வரைந்தார். காப்புரிமை மீறல் என்று 2021-ல் வழக்கு. 2024 ஜனவரியில் லாஸ் ஏஞ்சல்ஸ் ஜூரி கேட் வான் டிக்குச் சாதகமாகச் சொன்னது என்றாலும், அதற்குள் மூன்று வருடம் நீதிமன்றம் ஏறியாகிவிட்டது. நம் சட்டத்தில் படைப்பாளி இறந்து அறுபது ஆண்டு வரை உரிமை உண்டு. குனியோஷி 1861-ல் மறைந்தவர். அவரைப் பின்பற்ற யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம்.

நுகர்வோர் வழக்கு பதிவானால் பதில் தர 30 நாள், கூடுதலாக 15 நாள், அதற்கு மேல் ஒரு நாள்கூடத் தர முடியாது என்று 2020-ல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தீர்த்துவிட்டது. எனவே வாட்ஸ்அப் உரையாடல்களை எடுத்து, பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-ஆம் பிரிவு கேட்கும் சான்றிதழையும் அப்போதே தயாராக்கச் சொன்னேன்.

மருத்துவச் சட்டக் குற்றச்சாட்டுக்குப் பதில் எழுதும்போதுதான் ஒசாகா வழக்கு கைகொடுத்தது. ஜப்பானில் 1872 முதல் 1948 வரை டாட்டூவுக்குத் தடை இருந்தது. தடை நீங்கிய பின்பும் நிம்மதியில்லை. தோலில் ஊசியால் நிறம் ஏற்றுவது மருத்துவச் செயல் என்று 2001-ல் சுகாதார அமைச்சகம் சுற்றறிக்கை விட்டது. அதை வைத்து 2015-ல் மசுதா தைகி என்ற கலைஞர் மீது, டாக்டர் அல்லாதவர் மருத்துவம் செய்ததாகக் குற்றம் சாட்டினார்கள். மூன்று லட்சம் யென் அபராதத்தைக் கட்டிவிட்டுப் போயிருக்கலாம். அவர் மறுத்து முழு விசாரணை கேட்டார். கமெய்ஷி மிச்சிகோ என்ற பெண் வழக்கறிஞர் முன்னின்று வாதாடினார். 2017-ல் ஒசாகா மாவட்ட நீதிமன்றம் குற்றவாளி என்றது. 2018 நவம்பரில் உயர் நீதிமன்றம் விடுவித்தது. 2020 செப்டம்பர் 16-ல் உச்ச நீதிமன்றம் அந்த விடுதலையை உறுதி செய்தது. டாட்டூ மருத்துவத்தைச் சேர்ந்ததல்ல, அதற்கு வேண்டியது மருத்துவக் கல்லூரியில் கற்றுத் தராத கலைத்திறன் என்பது தீர்ப்பின் சாரம். வழக்கறிஞர்கள் படிக்க வேண்டிய தீர்ப்பு இது. ஒரு தொழிலையே சட்டத்தின் ஒற்றை வரியால் அழித்துவிட முடியாது என்று ஒரு கலைஞரும் அவருடைய வக்கீலும் ஐந்து வருடம் நின்று காட்டினார்கள்.

அந்தத் தீர்ப்பு நம்மைக் கட்டுப்படுத்தாது. ஆனால் நம் 34-ஆம் பிரிவும் பதிவு பெறாமல் டாக்டராகத் தொழில் செய்வதைத்தான் தடுக்கிறது. என் கட்சிக்காரர் தன்னை டாக்டர் என்று சொல்லவில்லை, யாருக்கும் வைத்தியம் பார்க்கவில்லை. நாக்கைப் பிளப்பது வேறு. அது அறுவை சிகிச்சை. அதைக் கலை என்று வாதாட நான் போகமாட்டேன். இரண்டையும் முடிச்சுப் போடுவது தவறு என்று பதிலில் அழுத்தமாகவே எழுதினேன்.

பதில் போன பிறகு பையனும் அப்பாவும் பேச வந்தார்கள். அப்பாவின் கோபத்துக்குக் காரணம் மீன் அல்ல என்பது உட்கார்ந்ததுமே தெரிந்தது. "நாங்க இருக்கறது ஏர்ஃபோர்ஸ் ஸ்டேஷன் பக்கத்துல சார். தலைக்கு மேல பிளேன் போறதப் பாத்தே வளந்தவன் இவன். இப்ப அப்ளை பண்ணலாம்னு பாத்தா, கையில இதோட எடுக்க மாட்டாங்கன்றாங்க."

அவர் சொன்னது உண்மை. விமானப் படை வீரர் தேர்வுக்கான விதியில் நிரந்தர டாட்டூவுக்கு அனுமதி இல்லை. முழங்கை முதல் மணிக்கட்டு வரை முன்கையின் உட்புறம், உள்ளங்கையின் பின்புறம், பழங்குடியினரின் மரபு வழி டாட்டூ ஆகியவை மட்டுமே விலக்கு. மேல்கையில் தொடங்கிக் கையைச் சுற்றி வரும் மீன் அதில் அடங்காது. சட்டைக் கைக்குள் மறையும் ஐந்து பங்கு அளவும் அடங்காது. இப்படி ஒரு காரணத்துக்காக நிராகரிக்கப்பட்டவர் தில்லி உயர் நீதிமன்றம் போனபோது, 2018-ல் அது விமானப் படையின் முடிவில் தலையிட மறுத்தது. தாம்பரத்திலேயே விமானப் படையின் தேர்வு மையம் இருக்கிறது. ஒரு முறை விசாரித்திருந்தால் போதும்.

"தம்பி, போடறதுக்கு முன்னாடி இவர்கிட்ட ஏர்ஃபோர்ஸ் ஆசைய சொன்னீங்களா?"

"அப்போ நானே நினைக்கல சார்."

அப்பா அதற்கு மேல் பேசவில்லை. லேசரில் எடுக்கச் செலவு தரும்படி கேட்டார். பல நிற டாட்டூவை லேசரில் எடுப்பது பல சிட்டிங் ஆகும், முழுதும் போகும் என்றோ தழும்பு இல்லாமல் போகும் என்றோ உறுதி இல்லை. தோல் மருத்துவரைப் பார்க்காமல் எதுவும் செய்யாதீர்கள் என்றேன். கட்சிக்காரர் கடைசி சிட்டிங்குக்கு வாங்கிய அட்வான்ஸைத் திருப்பித் தருவதாகத் தானாகவே சொன்னார். அவர்கள் நோட்டீஸைத் திரும்பப் பெற்றார்கள். ஒப்பந்தத்தை அங்கேயே எழுதி இரு தரப்பும் கையெழுத்திட்டார்கள். கடையின் ஒப்புதல் படிவத்தில் சர்க்கரை நோய், ஒவ்வாமை, ஓராண்டுக்கு ரத்த தானம் செய்யக் கூடாது என்பதெல்லாம் முன்பே இருந்தது. இப்போது சீருடைப் பணிக்கு விண்ணப்பிக்கும் எண்ணம் உண்டா என்ற கேள்வியும் சேர்ந்திருக்கிறது.

ஒசாகா வழக்கில் நீதிபதி குசானோ கோய்ச்சி தனியாக எழுதிய கருத்தில், ஆபத்தைத் தடுக்க வேண்டுமானால் அதற்கென்று புதிய சட்டம் இயற்றலாம் என்றார். தமிழ்நாட்டுக்கும் அது தேவை. தாம்பரத்திலிருந்து மேடவாக்கம், வேளச்சேரி வரை இந்தத் தொழிலை நம்பிப் பிழைப்பவர்கள் இருக்கிறார்கள். ஒரு முறை மட்டும் பயன்படும் ஊசி, மையின் தரம், பதினெட்டு வயது, கையெழுத்திட்ட வரைவு, ஒப்புதல் படிவம் ஆகியவற்றைக் கட்டாயமாக்கி, அறுவை சிகிச்சையைத் தெளிவாகத் தடைசெய்து, டாட்டூ கடைகளுக்கென்று தனி உரிம விதியை அரசு கொண்டுவர வேண்டும். இன்னொரு திருச்சிக்குக் காத்திருக்காமல் இப்போதே செய்யுங்கள் என்று சுகாதாரத் துறையைக் கேட்டுக்கொள்கிறேன்.