கண்ணாடிப் போத்தலுள் ஒரு நோயாளி

கன்று நோவுற்றால் கத்துகின்றது, நாய் முனகுகின்றது, குழந்தை வீறிட்டு அழுகின்றது. மீனோ ஓசையின்றி நோயுற்று, ஓசையின்றி மாய்கின்றது. அதன் பிணியை அறிய விழைபவனுக்கு அதன் தோற்றமும் நடத்தையுமே சாட்சிகள். நோய் இன்னதெனத் தெளிந்து, அது பிறந்த காரணத்தைக் கண்டு, அதன் பின்னரே தணிக்கும் வழியை நாடவேண்டும் என்பது வள்ளுவர் 'மருந்து' என்னும் அதிகாரத்தில் வகுத்த ஒழுங்கு. அவ்வொழுங்கு ஒரு சாண் கண்ணாடிக்குள் வாழும் உயிருக்கும் பொருந்தும்.

தேயிலைத் தோட்டங்களில் மீன் வளர்ப்பு பெரும்பாலும் ஒரு பழைய ஹோர்லிக்ஸ் போத்தலில் தொடங்குகின்றது. ஹட்டன் கடைத்தெருவிலே பொலித்தீன் பையில் நீந்தும் ஒரு சோடி கப்பி மீன்கள், கொழுந்து பறிக்கும் தாயின் சம்பளத்திலிருந்து கிள்ளியெடுத்த காசுக்கு லயக் காம்பரா வந்து சேர்கின்றன. கப்பியின் தாயகம் தென்னமெரிக்காவின் வடகரையும் திரினிடாட் தீவும் ஆகும். 25 பாகை செல்சியஸ் அளவான நீர் அதற்கு உகந்தது. நுவரெலியாவோ கடல்மட்டத்துக்கு மேல் 1,868 மீற்றர் உயரத்தில் உள்ளது. அங்கே ஆண்டின் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 16 பாகை. தை மாதத்து விடியல்கள் சிலவற்றில் புல்லின்மேல் உறைபனி படிவதுமுண்டு. நீரின் வெப்பமே மீனின் உடல் வெப்பம். ஆகவே அச்சிறு மீன் நோயுறுமுன்பே நலிவுற்று விடுகின்றது.

நலிந்த மீனை எளிதிற் பற்றுவது வெண்புள்ளி நோய். உடலெங்கும் உப்புத் தூவியது போன்ற புள்ளிகள் தோன்றும். மீன் கல்லிலும் கண்ணாடியிலும் உரசித் திரியும். "மீனுக்குத் தடிமன் பிடித்துவிட்டது" என்பார்கள் வீட்டார். உண்மையில் அது தோலுக்கடியிற் புகுந்து உண்ணும் ஒருகல ஒட்டுண்ணியின் வேலை. உண்டு முதிர்ந்த ஒட்டுண்ணி மீனை விட்டு உதிர்ந்து, அடித்தளத்தில் உறையொன்றுக்குள் அமர்ந்து, நூற்றுக்கணக்கான குஞ்சுகளாகப் பிரிகின்றது. அக்குஞ்சுகள் இரண்டொரு நாளுக்குள் வேறொரு மீனைப் பற்றாவிடின் மடிந்து போகும். மருந்து கொல்வது நீரில் அலையும் இக்குஞ்சுகளை மட்டுமே. தோலுக்கடியில் உள்ளதையும் உறைக்குள் உள்ளதையும் அது தீண்டுவதில்லை.

குளிரின் சூழ்ச்சி இங்கேதான் வெளிப்படுகின்றது. 25 பாகையில் ஒரு வாரத்துள் முடியும் இச்சுழற்சி, 10 பாகையளவில் ஒரு மாதத்துக்கும் மேலாக நீளும். கொழும்பின் வெப்பத்துக்கேற்ற சில நாள் மருந்து நுவரெலியாவுக்குப் போதாது. புள்ளிகள் உதிர்ந்ததைக் கண்ட சிறுவன் மீன் தேறியதென மகிழ்ந்து மருந்தை நிறுத்துகின்றான். உதிர்ந்தவை மடிந்தவையல்ல, பெருகுவதற்காக இறங்கியவை. லீற்றருக்கு 2 கிராம் அளவில் உப்பைக் கரைத்துச் சிறிது சிறிதாகச் சேர்ப்பதும், நீரை மெல்ல மெல்ல 28 பாகைக்கு மேல் உயர்த்துவதும் நலம் தரும். வெப்பமூட்டும் கருவி இல்லாதோர், கடைசிப் புள்ளி மறைந்த பின்னரும் வாரக்கணக்கிற் சிகிச்சையைத் தொடர வேண்டும். போத்தலை அடுப்பங்கரையில் வைப்பதோ தீங்கு. பகலிற் சூடும் இரவிற் குளிருமாக மாறும் நீர் மீனை மேலும் வாட்டும்.

எல்லா வெண்மையும் ஒரு நோயன்று. காயத்தின்மேல் பஞ்சிழை போல வளர்வது பங்கசு. வாயோரத்தில் வெண்மையாய்ப் படர்ந்து பங்கசு போலவே தோன்றும் இன்னொன்று பற்றீரியாவால் விளைவது. வெப்பம் இதனை விரைவுபடுத்தும். வெண்புள்ளிக்குத் துணையான அதே வெப்பம் இதற்குத் தீனியாகின்றது. உற்று நோக்காத கண், காக்க எண்ணிய உயிரைத் தானே கொன்றுவிடுகின்றது.

நோயே இல்லாதபோதும் மீன்கள் மேலே வந்து வாய்பிளந்து மூச்சுத் திணறுவதுண்டு. ஒன்றன்பின் ஒன்றாக நோயுற்றால் தொற்றை ஐயுறலாம். யாவும் ஒரே நாளில் வாடினால் முதலில் ஐயுறவேண்டியது நீரையே. எஞ்சிய உணவும் கழிவும் அமோனியா என்னும் நஞ்சாகின்றன. அதனை நைத்திரைற்றாகவும், பின்னர் தீங்கு குறைந்த நைத்திரேற்றாகவும் மாற்றும் பற்றீரியாக்கள் புதிய தொட்டியில் நிலைகொள்ள 4 முதல் 6 வாரங்கள் செல்லும். குளிரில் அதனினும் மிகும். இந்நிலையிற் கடையில் வாங்கிய நீலச் சாயத்தை ஊற்றினால், உதவிக்கு நின்ற பற்றீரியாக்களும் அழியக்கூடும். நீரில் காற்பங்கை மாற்றுவதும், ஒருநாள் உணவை நிறுத்துவதுமே அங்கு மருந்து.

அளவின் அருமையைச் செம்பு உணர்த்துகின்றது. 1946இல் இலங்கைத் தேயிலையைக் கொப்புள நோய் தாக்கியபோது, செடிகளைக் காக்கச் செம்பு கலந்த மருந்துகள் தெளிக்கப்பட்டன. மீனின் உடலிற் பொன்தூள் போலப் படியும் ஒட்டுண்ணி நோய்க்கும் செம்பே மருந்து. ஆயின் மென்னீரில் அதன் நச்சுத்தன்மை பன்மடங்கு மிகும். யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் கிணற்றின் வன்னீரில் மீன் தாங்கும் அளவு, மலையகத்து ஓடையின் மென்னீரில் உயிரைக் குடித்துவிடலாம். மருந்துப் போத்தலில் உள்ள அறிவுறுத்தலுக்கு மலையுந் தெரியாது, நீருந் தெரியாது.

தோட்டத்து மக்களுக்கு இவ்வுண்மை புதியதன்று. பெருந்தோட்டத் தொழிலாளரின் சுகவீனத்தைக் கருதி 1872இலேயே மருத்துவத் தேவைகள் சட்டம் இயற்றப்பட்டது. எனினும் காய்ச்சலுக்கும் வயிற்றுவலிக்கும் ஒரே போத்தல் கலவை கிடைத்த காலத்தைப் பற்றி லயத்து முதியோர் சொல்லும் கதைகள் பல. நோயாளியின் முகத்தைப் பாராது நீட்டப்பட்ட மருந்து எத்தகையது என்பதை அவர்கள் அனுபவித்தே அறிந்தவர்கள்.

அத்தகையோரின் பிள்ளையொருவன், அவசரப்பட்டு மருந்தை ஊற்றாது, போத்தலின் முன் குந்தியிருந்து, செவுள் அசைவதையும் செட்டை மடிவதையும் எண்ணிப் பார்ப்பானாயின், அது வெறும் பொழுதுபோக்கன்று. பேசவியலாத ஓர் உயிரின் துன்பத்தைப் பொறுமையோடு கேட்கும் பயிற்சி அது. அப்பயிற்சி பெற்ற கண், மீன் தொட்டியோடு நின்றுவிடுவதில்லை.